பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம்

"சர்க்கார் நம்ம வீட்டுக்கே ஓசியில நெட்டு தந்திருக்கு. பின்ன எதுக்குட்டி தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போற?" என்று கேட்டாள் சுசீலாபாய்.

"அங்க உள்ள ஓசி வைஃபை நல்லா கிட்டுது மாமி," என்றாள் மருமகள் ஆதிரா, தலையை வாரிக்கொண்டே.

அவர்கள் வீடு ஒற்றை அறை. மகன் சஜின் கல்யாணமான மாதமே ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். இரவில் அவன் கூப்பிட்டால், ஆதிரா இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை மாமியிடம் நீட்டிவிடுவாள். இவளுக்கு வேறு யாரோடு பேச்சு? மகன் வாழ்க்கை என்னாகும்? அன்று சுசீலாபாய் அவள் பின்னாலேயே போனாள்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில், தூணோரம் ஆதிரா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீ, போடா! மாமிக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாவ."

சுசீலாபாய் போனைப் பிடுங்கினாள். அதில் அவள் மகன் திருதிருவென்று விழித்தான்.

"அம்மா... வீட்டுல நீ பக்கத்துலயே இருக்க. நாங்க என்னத்தப் பேச?"

சுசீலாபாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளை முதல் நீ வீட்டுல இருந்தே பேசு மக்களே."

"அப்ப நீங்க மாமி?"

"நான் இங்க வந்து இருக்கேன். நல்லா காத்து வருது."