அறக்கட்டளை அம்மா வந்த நாள்

சுவிஸ் அறக்கட்டளையின் தலைவி கச்சேரி கேட்க வருகிறார் என்றதும், பராகுவேயின் அந்தச் சிற்றூர் இசைக்குழுவை நடத்தும் எலாதியோவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வயலின்கள் முதல் ஒத்திகைக் கூடம் வரை எல்லாமே அந்த அறக்கட்டளையின் தயவு.

"உல்ரிச்சை என்ன பண்றது?" என்று புல்லாங்குழல் வாசிக்கும் நிமியா கேட்டாள்.

முதல் வயலின் பெட்டிகளோடு கூடவே வந்து இறங்கிய சுவிஸ்காரர் உல்ரிச். தங்கமான மனிதர். ஆனால் அவர் டிரம்போனை வாயில் வைத்தால் ஆற்றங்கரை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

"மீன் பிடிக்க அனுப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் கரைக்கு விடாதேன்னு படகுக்காரன்கிட்ட சொல்லியிருக்கேன். அவரு வாசிச்சா நன்கொடை நின்னுடும்!"

கச்சேரி தேனாக இனித்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தலைவியின் முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"உல்ரிச்சைக் காணோமே?"

எலாதியோ முன்னால் வந்தார். "அது வந்து... அனுப்பிட்டோம் மேடம்."

"ஐயோ, சுவிஸுக்கா?" அவர் எலாதியோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, ஆத்துக்கு! மீன் பிடிக்க!"

தலைவிக்கு மூச்சு வந்தது. "நன்கொடையை ரெண்டு மடங்காக்கிடறேன். தயவுசெய்து அவரை மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க."

"அவர் வாசிப்பு உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"இருபது வருஷம் ஒரே வீட்டுல கேட்டேனே! அவர் என் வீட்டுக்காரர். கடல் தாண்டி ஒரு இசைக்குழு வேணும்னுதான் இந்த அறக்கட்டளையையே ஆரம்பிச்சேன்."