ஒரே வீட்டில் இரண்டு பக்தி

போதகர் ஞாயிறு பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தபோது, தையற்கடைக்காரம்மா வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஐயா, எங்க வீட்ல ரெண்டு பேர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஒருத்தர் விடியறதுக்குள்ள எல்லாரையும் உலுக்கி எழுப்பி முழங்கால் போட வைக்கிறார். டிவியைத் துணி போட்டு மூடிட்டார். பொண்ணு பாட்டு முணுமுணுத்தா, நரகம்தான் உனக்குன்னு கத்துறார்."

"இன்னொருத்தர்?"

"அவருக்கு எதுவும் ஒட்டாது. ஜெபத்துக்குக் கூப்பிட்டா, 'எனக்கும் சேர்த்து நீயே பண்ணிடு'ன்னு திரும்பிப் படுத்துக்குவார். பைபிள் மேல காபி டம்ளரை வைப்பார்."

கணவருக்கும் மைத்துனருக்கும் ஒத்துப்போகவில்லை என்று போதகர் முடிவு கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்கம்மா. எதிரெதிரா உட்கார வச்சுப் பேசிடலாம்."

"எப்படிங்கய்யா முடியும்? ரெண்டும் என் வீட்டுக்காரர்தானே!"

போதகர் பேனாவை மூடி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேர்ந்து மொத ஆளு. புதன்கிழமை சூடு இறங்கிடும், அப்புறம் ரெண்டாவது ஆளு. எந்த ஆளுகிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம, பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறேன்னு பெட்டி கட்டுறா."

"ஞாயித்துக்கிழமை அப்படி என்னம்மா நடக்குது?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "உங்க பிரசங்கம்தாங்கய்யா."

போதகர் தன் தாள்களைப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் அக்கினி எரிந்துகொண்டிருந்தது. கூச்சத்தோடு அவற்றை ஓரமாகத் தள்ளினார்.

"சரிம்மா. இந்த வாரம் தேவனோட மன்னிப்பைப் பத்தி மட்டும் பேசறேன்."

"ஐயோ, வேண்டாங்கய்யா!" அவள் பதறி எழுந்தாள். "போன வருஷம் அப்படித்தான் பேசினீங்க. எப்படியும் மன்னிச்சிடுவாருல்லன்னு மனுஷன் மூணு மாசம் சர்ச் பக்கமே வரல!"