முதுகில் இருப்பவர்

“யாரும்மா இது, இந்த அம்மா முதுகுல தொங்கறது?”

அஞ்சல்தலைத் துறை இயக்குநர் மேசைமேல் கிடந்த ஓவியத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

“இன்ஜினியர் சார்,” என்றாள் ஓவியப் பெண்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆல்பக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் அவருக்கு அதுதான் பெயர். எந்த ஞாபகார்த்த ஸ்டாம்ப் வந்தாலும் முதல் ஆளாகப் போய் வாங்கிவிடுவார். வாங்கியதோடு விடமாட்டார். அதிலுள்ள பாலத்தை யார் கட்டியது, பறவைக்கு ஏன் ஒற்றைக் கால் என்று படத்தின் கதையைத் தோண்டி எடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்தக் கிறுக்கைப் பார்த்துத்தான் துறை அவரைத் தேர்வுக் குழுவில் உட்கார வைத்திருந்தது. மலையைக் குடைந்து ரயிலுக்குச் சுரங்கப்பாதை போட்ட இன்ஜினியர் போன வருடம் மறைந்ததும், அவருக்கு ஒரு ஸ்டாம்ப் போட்டே ஆகவேண்டும் என்று நடையாய் நடந்தவரும் இந்த ஆல்பக்காரர்தான்.

ஓவியப் பெண் வெளியாள். போட்டிக்கு வந்த படங்களில் அவளுடைய சுரங்கப்பாதைதான் தேறியது. படத்தின் மூலையில் போடும் ‘மின்மினி’ என்ற புனைபெயரைத் தவிர துறைக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது. அன்றைக்கு அந்தப் படத்தில் மனிதர்களே இல்லை. இன்று கொண்டுவந்ததில் இரண்டு பேர் இருந்தார்கள்.

“அவர் யாரு தெரியுமா? மலையையே ரெண்டாப் பொளந்த மனுஷன்!” ஆல்பக்காரர் படபடத்தார். “அவரைப் போய் மூட்டை மாதிரி...”

“மூட்டை மாதிரிதான் ஐயா தூக்கிட்டு வந்தாங்க. சுரங்கம் குடையறப்ப பாறை சரிஞ்சு அவர் கால் நசுங்கிடுச்சு. உள்ளே இருந்த ஆம்பளைங்க எல்லாரும் தப்பிச்சோம் பிழைச்சோம்னு வெளியே ஓடிட்டாங்க. மண் சுமக்க வந்த இந்த அம்மாதான் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு தனியா உள்ளே போனாங்க.”

“நான் படிக்காத புஸ்தகமா? எதுலயும் இது இல்லையே!”

“எழுதினவங்க யாரும் உள்ளே இல்லை. இது உள்ளே இருந்தவர் சொன்னது.”

“அப்படியா? கூப்பிடு அந்த ஆளை. நானும் கேக்கறேன்.”

“அவர் இப்ப உயிரோட இல்லை.”

“நல்ல சாட்சி!” ஆல்பக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டார். “இதோ பாரும்மா. அந்த அம்மாவை எடுத்துடு. இன்ஜினியரை வாசல்ல நிமிர்ந்து நிக்க வை, கையில ஒரு வரைபடத்தைக் குடு. அவ்வளவுதான். அடுத்த ஸ்டாம்ப்பும் உனக்கே தர்றேன்.”

“மாட்டேன் சார்.”

“என்னம்மா இது, ஒத்தக்கால்ல நிக்கறே? வேற ஆளை வெச்சு வரைஞ்சுக்க எங்களுக்குத் தெரியாதா?”

“தாராளமா வரைஞ்சுக்குங்க. ஸ்டாம்ப் வெளியாகற அன்னைக்கு இந்தப் படத்தைப் பெருசாக்கி உங்க ஆபீஸ் வாசல்லயே பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எது நிஜம்னு வர்றவங்க கேக்கட்டும்.”

“மிரட்டறியா?”

“ஆமா சார்.”

ஆல்பக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஐயா, அந்த ஒத்தக்கால் பறவை ஸ்டாம்ப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். யாரோ ஒருத்தன் பார்க்காமலே வரைஞ்சான், அது இன்னும் எத்தனையோ ஆல்பத்துல நொண்டிக்கிட்டிருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஒரு காலுக்கே அவ்வளவு வருத்தப்பட்டீங்களே. இங்கே ஒரு முழு மனுஷியையே அழிக்கச் சொல்றீங்க.”

ஆல்பக்காரர் ஓவியத்தைக் கையில் எடுத்து முதல் முறையாகப் பொறுமையாகப் பார்த்தார். நழுவிக் கண்ணை மறைக்கும் சும்மாட்டுத் துணி. நரம்பு புடைக்க விளக்கைப் பிடித்திருக்கும் கை. அவள் தோளில் கன்னத்தை வைத்து, பயம் விட்டுப்போன குழந்தைபோல் கண்மூடிக் கிடக்கும் அந்தப் பெரிய மனிதர். ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்திருந்தும் இப்படி ஒரு ஸ்டாம்ப் தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

“இதையே போட்டுடலாம் சார்,” என்றார்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எனக்கும் படம் பிடிச்சிருக்கு, இல்லேங்கலை. ஆனா இன்ஜினியருக்கு ஒரே பொண்ணு இருக்காங்களாம். நாங்க யாரும் பார்த்ததில்லை. எங்கப்பாவை எப்படி ஒரு கூலிக்காரி முதுகுல ஏத்தலாம்னு அந்தப் பொண்ணு இங்கே சண்டைக்கு வந்தா, நான் என்ன பண்றது?”

“வந்துட்டா சார்,” என்றாள் ஓவியப் பெண். “இவ்வளவு நேரமா உங்ககிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்கறது அவதான்.”