பதினெட்டுப் படங்களுக்கு ஒரு குரல்

"ஒரு ஆடியோ சேர்க்கத் தெரியல, வாசல்ல போர்டு மட்டும் இவ்ளோ பெருசு!"

வெள்ளைச் சட்டைக்காரர் போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

கடைக்கு உரிமையாளரான டைப்பிங்கக்கா அசரவில்லை. டைப்ரைட்டர் காலத்திலிருந்து அதே அறையில் உட்கார்ந்திருப்பவள். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சார், உங்க ஸ்லைடு ஷோ நல்லாத்தான் ஓடுது. பதினெட்டு படமும் வருது. சத்தம்தான் வரல. இந்த ஆடியோ ஃபைலை அது ஏத்துக்க மாட்டேங்குது."

"ஏன் ஏத்துக்காது? எம்பி த்ரீதானே? பேர்லயே போட்டிருக்கே!"

"அந்தப் பேரை யார் வெச்சது?"

சட்டைக்காரர் கொஞ்சம் இறங்கினார். "நான்தான். போன்ல வந்த வாய்ஸ் மெசேஜ் இது. பேர் கடைசியில ஓபஸ்னு என்னமோ இருந்துச்சு. அதை அழிச்சுட்டு எம்பி த்ரீன்னு போட்டேன்."

டைப்பிங்கக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் வாசல்ல டாக்டர்னு போர்டு மாட்டிக்கிட்டா ஊசி போடத் தெரிஞ்சிடுமா சார்? பேரை மாத்தினா பத்தாது, ஃபைலையே மாத்தணும். மதியம் வாங்க, மாத்தித் தரேன்."

"மதியமா? பதினோரு மணிக்கு நினைவுக் கூட்டம்மா! எங்கப்பா போய் இன்னியோட ஒரு மாசம். இருநூறு பேர் வந்து உக்காந்திருக்காங்க. இது அவர் குரல்."

அக்காவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அடடா. உடம்புக்கு என்ன சார்?"

"ஒண்ணுமே இல்லம்மா. ஒரு நாள் படுத்ததில்ல, ஒரு இருமல் கிடையாது. தூக்கத்துலயே போயிட்டார். உள்ளங்கையில வெச்சுத் தாங்கினேன்." திரையில் இருந்த ஆடியோ ஃபைலைக் காட்டினார். "தினமும் இதைக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன். இன்னிக்கு அந்த இருநூறு பேரும் கேட்கணும். எப்பேர்ப்பட்ட அப்பா, எப்பேர்ப்பட்ட மகன்னு தெரியணும்."

அக்கா ஒன்பதாவது படிக்கும்போது அவளுடைய அப்பா போய்விட்டார். ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடுவதில்லை. கொடுத்து வைத்த மனுஷன், இவரைப் போய்க் கிண்டல் பண்ணிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கம்மா, உன் வேலையை அப்புறம் முடிச்சுத் தரேன்" என்று கல்லூரிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"அவர் அனுப்பினது நிறைய இருக்கா சார்?"

"ஏகப்பட்டது இருக்கு. ஆனா இதுதான் நீளம். ரெண்டு நிமிஷம் நாப்பத்திரண்டு செகண்டு. பதினெட்டு படத்துக்கும் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

ஃபைல் மாறியது. அக்கா அதை முதல் படத்தில் சேர்த்து, கடைசிப் படம் வரை ஒலிக்கும்படி அமைத்தாள்.

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம் சார்."

"நேரமில்லம்மா. அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க."

"அங்க போய் சத்தம் வரலைன்னா இருநூறு பேர் முன்னாடி நீங்கதான் முழிக்கணும்."

அவள் பட்டனைத் தட்டினாள். முதல் படம். அப்பாவின் தோளில் கை போட்டபடி மகன். ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு குரல் வந்தது.

"ராஜா... அப்பா பேசறேன்டா. வேலையா இருப்பே. அதான் போன் எடுக்கல போல. பரவாயில்ல."

சட்டைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்த படத்தில் அப்பாவுக்கு மகன் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார். குரல் இருமியது. விடாமல் இருமியது.

"ஒரு வாரமா இந்த இருமல்தான். ராத்திரி படுக்க முடியல, மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரியில சேர்க்கணும், மகன் வந்து கையெழுத்துப் போடணும்னு இந்த முதியோர் ஹோம்ல சொல்றாங்க. வந்து போட்டுட்டு உடனே கிளம்பிடு ராஜா. என்கூட உக்கார வேண்டாம்."

தலையாட்டல் நின்றது. திரையில் படங்கள் மட்டும் வரிசையாக மாறிக்கொண்டிருந்தன. ஒன்றில் மகன் அப்பாவுக்கு மாலை போட்டார், ஒன்றில் காலில் விழுந்தார். எல்லாவற்றிலும் மகன் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே இருமல்.

"இதுக்கு முன்னாடி பேசி அனுப்பினது எதையும் நீ கேட்கலைன்னு இங்க நர்ஸ் பொண்ணு சொல்லுது. நீ கேட்டா ஏதோ மைக் குறி நீலமா மாறணுமாம், மாறலையாம். அதுக்கு என்ன தெரியும்? என் பிள்ளை கேட்டிருப்பான்னு சொன்னேன். இதைக் கேட்டா 'சரி'ன்னு ஒரு வார்த்தை அனுப்புடா. வெச்சுடறேன்."

பதினெட்டாவது படத்தோடு குரலும் நின்றது. அளவு சரியாகத்தான் இருந்தது.

கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டைப்பிங்கக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எப்படிப்பட்டவனாக இருந்தாலும் பெற்ற பிள்ளை, இப்போது உடைந்து விழுந்துவிடுவான் என்று பயந்து, தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

அவர் உட்காரவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல 'ராஜா'ன்னு கூப்பிடறாருல்ல... அதை மட்டும் வெட்டி, பதினெட்டு படத்துக்கும் வர்ற மாதிரி போட்டுடுங்க."