இரண்டாவது சல்யூட்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் சாலையில் முதல் சல்யூட் கிடைத்தபோது, கிரேல் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் உயர்த்தினான். கண்ணாடி முன் நின்று பழகிய உயர்த்தல்.

சைக்கிளோடு நின்ற ரோந்துக்காரன், கார்க்காரர்களின் மோட்டார் சங்கத்து ஆள், மரியாதை செய்தது அவனுக்கல்ல. ரேடியேட்டர் மேல் மின்னிய பித்தளை பேட்ஜுக்கு. உறுப்பினர்களின் கார்களில் மட்டுமே அது இருக்கும்.

பக்கத்தில் மேஜர் டாப்சன் மீசைக்குள் உறுமினார். திருப்தி உறுமல். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். மெம்பர் அல்லாத பயலுக்குப் பெண் கிடையாது என்று வேடிக்கைபோலச் சொல்வார். வேடிக்கை இல்லை.

பின் இருக்கையில் மகள் வினிஃப்ரெட், மடியில் சாண்ட்விச் கூடை. சாப்பிட்டு முடிந்ததும் கிரேல் பெண் கேட்பதாக இருந்தான்.

கிரேல் தொப்பிக் கடை விற்பனையாளன். சங்கத்தில் சேர இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்யவேண்டும். உறுப்பினர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய தலை அளவுதான். செத்துப்போன பல் வைத்தியர் ஒருவரின் கார் உடைப்புக்குப் போனபோது, அதிலிருந்த இந்த பேட்ஜைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினான்.

மேட்டின் உச்சியில் இன்னொரு ரோந்துக்காரன்.

கிரேல் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டான்.

ரோந்துக்காரன் பேட்ஜை நேராகப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கிரேல் விரல்களை மடக்கிக்கொண்டான். பேட்ஜில் இருந்த எண்ணைப் படித்துவிட்டானா? பல் வைத்தியரைத் தெரிந்தவனா?

"என்னப்பா, அவன் கையே எடுக்கலை?" என்றார் மேஜர்.

"திமிர் பிடிச்ச பய, சார். நாளைக்கே சங்கத்துல சொல்லி அவன் வேலைக்கு உலை வைக்கிறேன்."

"வண்டியை நிறுத்தலையா?" பின்னாலிருந்து வினிஃப்ரெட்.

"இவனுக்கெல்லாம் நின்னு பதில் சொல்றதா!"

நின்றால் தீர்ந்தது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தான். மேஜரின் தொப்பி பறந்தது. கிரேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரிவின் அடியில், வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெல்மெட் எழுந்தது. கான்ஸ்டபிள் கையில் கார்களின் வேகத்தை அளக்கும் ஸ்டாப்வாட்ச்.

பெயர் கேட்டான். கிரேல் மேஜரைப் பார்த்தான். மேஜர் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"நாலு வயசுலேயே எனக்கு இது தெரியும், கிரேல்." வினிஃப்ரெட்டின் குரலில் கோபம்கூட இல்லை. "சல்யூட் அடிக்கலைன்னா முன்னாடி போலீஸ் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். மெம்பருங்க நிறுத்தி என்னன்னு கேப்பாங்க. சேர்ற அன்னைக்கே சொல்லிடுவாங்களே."

அப்பாவும் மகளும் மேட்டை நோக்கித் திரும்பி நடந்தார்கள். கூடையும் போயிற்று.

உச்சியில், காரும் இல்லாமல், பேட்ஜும் இல்லாமல், வழுக்கைத் தலையோடு மூச்சு வாங்கி ஏறிவந்த மேஜருக்கு ரோந்துக்காரன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

கீழே, கிரேலின் இரண்டு விரல்கள் தாமாகவே உயர்ந்தன.