‘ப’ போட்ட தட்டு

“ராவும் பகலும் கண்ணு முழிச்சு நானே ஊட்டி வளத்த புள்ளைங்க. என் கண்ணு முன்னாடியே பாதி செத்துப் போச்சு” என்று மேடையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் பேராசிரியர் ஜானகிராமன். பிள்ளைகள் என்று அவர் சொன்னது பட்டுப்புழுக்களை.

புதுச்சேரிக் கல்லூரியின் கருத்தரங்க அறை உச்சுக் கொட்டியது. நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று புழு வளர்க்கும் அறைப் பக்கமே போகாத மனிதருக்கு அந்தக் கண்ணீர் எங்கிருந்துதான் வந்ததோ.

கடைசி வரிசையில் அவருடைய ஆராய்ச்சி மாணவி கார்குழலி உட்கார்ந்திருந்தாள். சேதராப்பட்டிலிருந்து மூன்று வருடமாக மல்பெரி இலைக் கட்டோடு முதல் பஸ்ஸில் வந்து புழு வளர்த்தவள் அவள்தான். நேற்று அவள் மேசையிலிருந்த நோட்டை ஜானகிராமன் கேட்காமலே எடுத்துப் போனார். இன்று திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. வேலை அவருடையது என்று ஆகிவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடைக்காது.

“ஊசி ஈ பட்டுப்புழு மேல முட்டை வைக்கும். அதுல பொரியறது உள்ள பூந்து, நோகாம உக்காந்து தின்னும்” என்று விளக்கினார் ஜானகிராமன். சொல்லும்போது கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“படத்துல ‘ப’ன்னு குறிச்ச புழுத் தட்டப் பாருங்க. பாதிச்ச புழுங்க. ரத்தத்துல புரதம் கொறஞ்சுடுச்சு, கொழுப்பு கரஞ்சுடுச்சு. அவசர அவசரமா மெல்லிசா ஒரு கூடு கட்டியிருக்கு.”

நடுவராக வந்திருந்த சிவசங்கரி புழு வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். “ஈ முட்டை வச்ச எடத்துல கருப்புத் தழும்பு விழுமே. படத்துல ஒரு புழு மேலயும் காணோமே சார்?”

“சுத்தமா கழுவிட்டுத்தான் மேடம் படம் எடுத்தோம்.”

கழுவினால் போகிற தழும்பை சிவசங்கரி இதுவரை பார்த்ததில்லை. “இந்தத் தட்ட யாரு பாத்துக்கிட்டது?”

“நான்தான். வேற யாரும் கை வைக்கல.”

கார்குழலி எழுந்தாள். “சார் சொல்றது நெசந்தான் மேடம். அந்தத் தட்டு முழுக்க அவரோட வேலதான்.”

ஜானகிராமன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பிழைக்கத் தெரிந்த பெண் என்று நினைத்திருப்பார்.

அவள் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்துச் சிவசங்கரியிடம் நீட்டினாள். “ஊசி ஈ விட்ட புழுவெல்லாம் இதுல இருக்கு மேடம். சார் எடுத்துக்கிட்டு வந்தது வேற தட்டோட நோட்டு. எங்கம்மா ஆபரேசனுக்கு நான் மூணு நாள் லீவு போட்டப்ப, எல போடறேன்னு அவரு ஏத்துக்கிட்ட தட்டு அது.”

“அப்ப ‘ப’ன்னா?”

“பட்டினி மேடம்.”