அஞ்சு வருஷ சமாசாரம்

"அந்த அஞ்சு வருஷ சமாசாரத்த மட்டும் வாயத் திறந்து சொல்லிடாதடி. பொண்ணு பாக்க வர்றவங்க எழுந்து போயிடுவாங்க" என்று உஷா மகளிடம் கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

சௌம்யா யாரையோ காதலித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். காதல் என்றால்கூட உஷா சமாளித்திருப்பாள். இது அதைவிட மோசம், பி.எச்.டி.

போட்டோவில் இருந்தது, எம்.எஸ்ஸி. கணக்கில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்து சௌம்யா தங்கப் பதக்கம் வாங்கிய காட்சி. அதற்குப் பிறகாவது நல்ல பெண்ணாக ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து எல்லோரையும் போல முதுகுவலி வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மூளையில் இருக்கிற நரம்பு செல்கள் எப்போது துடிக்கும் என்று சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஆராய்ச்சியில் சேர்ந்தாள். செல்கள் துடித்தனவோ இல்லையோ, பொம்மனஹள்ளியில் அவளைப் பெற்றவள் அன்றிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பெண் அஞ்சு வருஷம் சும்மா வீட்டில் இருந்தால் அடக்கமான பெண் என்பார்கள். அஞ்சு வருஷமாகப் படிக்கிறாள் என்றால், பாவம், பாஸாகவில்லை போலிருக்கிறது என்பார்கள். வந்த வரன்களெல்லாம் அப்படித்தான் கைநழுவிப் போயின.

"மூளை சம்பந்தப்பட்ட கம்பெனில வேலை, கை நிறைய சம்பளம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ பாட்டுக்குத் தலைய ஆட்டு, போதும்" என்றாள் உஷா.

"பொய் சொல்லிக் கட்டி வெச்சா, மறுநாள் காலைல எந்த ஆபீஸுக்கும்மா கிளம்புவேன்? ஒரு வருஷம் பொறும்மா. தீசிஸ் முடிச்சிடறேன்."

"இதையேதான் போன வருஷமும் சொன்ன."

சௌம்யா புடவை மடிப்பைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

அத்திபெலேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அப்பா முனிராஜ், அம்மா வீணா, நடுவில் மாப்பிள்ளை தருண். முனிராஜ் காராபாத் உப்புமாத் தட்டோடு ஐக்கியமாகிவிட்டார். தருண் தரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பேச்சு முழுக்க வீணாதான்.

"தம்பிக்கு ஆபீஸ் எங்க?" என்று சௌம்யாவின் அப்பா கோவிந்தராஜன் கேட்டார்.

தருண் வாயைத் திறப்பதற்குள் வீணா முந்திக்கொண்டாள். "ரிசர்ச் டீமுங்க. பெரிய கேம்பஸ். உள்ள மரமெல்லாம் இருக்கும்."

கம்பெனிக்குள் மரமே இருக்கிறது என்றதும் உஷாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. மரம் வைக்கிறவன் சம்பளம் வைக்காமலா இருப்பான்?

"பாப்பாவுக்கு சம்பளம் மாசாமாசம் கரெக்டா வந்துடுதுங்களா?" என்றாள் வீணா.

"ஒண்ணாம் தேதியானா டாண்ணு வந்துடும்." உதவித்தொகை எப்போது வரும் என்று மகள் மாதக்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருந்ததை உஷா வசதியாக மறந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகணுங்க. அந்த விஷயத்துல நாங்க ரொம்ப முற்போக்கு. பாப்பாவே விடறேன்னாலும் நாங்க விட மாட்டோம்."

உஷாவுக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும்?

"தையிலயே முகூர்த்தம் பாத்துடலாங்க" என்றாள் வீணா. உஷா மகளை சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"நாளைக்கே அந்தப் படிப்ப விட்டுட்டு ஏதாவது ஒரு கம்பெனில சேர்ந்துடு. யாருக்கும் தெரியப்போறதில்ல."

சௌம்யா அம்மாவின் கையை உதறினாள். தூக்கம் கெட்டு, பிறந்தநாள் தீபாவளி எல்லாம் மறந்து, அழுது அழுது போட்ட கணக்கு. முடிய இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. அதைப் போய் நாளைக்கே விட்டுவிடு என்கிறாள் பெற்ற தாய்.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தாள். தட்டை வீணாவின் முன்னால் வைத்தாள்.

"ஆன்ட்டி, நான் எந்தக் கம்பெனிலயும் வேலை செய்யல. கணக்குல பி.எச்.டி. பண்றேன். அஞ்சாவது வருஷம் நடக்குது. முடிக்காம விட மாட்டேன். அதுக்கப்புறமும் உடனே வேலை கிடைக்கும்னு சொல்ல முடியாது. எங்கம்மா உங்ககிட்ட பொய் சொல்லிட்டாங்க."

முனிராஜின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. தருண் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வீணாவின் முகம் தொங்கிப்போயிற்று. காப்பியைத் தொடாமல் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போச்சு" என்று உஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அதுவரை ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டிருந்த கோவிந்தராஜனுக்கு மகளின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஏங்க, பொண்ணு படிக்கறது அவ்ளோ பெரிய குத்தமா? திருடினாளா, கொள்ளையடிச்சாளா? இதுக்குப் போய் இப்படி மூஞ்சியத் திருப்பறீங்களே."

வீணா பெருமூச்சு விட்டாள். மகனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

"குத்தம் சொல்ல எங்களுக்கு ஏதுங்க வாய்? எங்க பையனுக்கும் இதே பி.எச்.டி.தான் ஏழாவது வருஷமா ஓடுது, பாப்பா சம்பளத்துலயாவது முடிச்சிடுவான்னு நம்பித்தான் வந்தோம்."